அந்த 20,000 பவுண்டை ஜேம்ஸ் வேல் கட்டவில்லை!

மத்தியஅலை1053:
தீப்பொறி நேற்று இங்கே போட்ட அஞ்சலிக் குறிப்பைப் படித்ததிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல். அவர் எழுதியது இது: "பிரிட்டனின் முதல் ஷாக் ஜாக் ஜேம்ஸ் வேல், உண்மையைப் பேசிய குற்றத்துக்காக 20,000 பவுண்ட் அபராதம் கட்டி, அதனாலேயே வேலையையும் இழந்தவர்." (ஷாக் ஜாக் என்றால், கேட்பவர் அதிரும்படி பேசும் வானொலி அறிவிப்பாளர்.) ஒரே வரியில் மூன்று பிழைகள். மற்ற இரண்டும் கிடக்கட்டும். அபராதத்தை அவர் கட்டவில்லை. நிலையம் கட்டியது.

நடந்தது என்னவென்றால், 2008 மார்ச்சில் டாக்ஸ்போர்ட் வானொலியின் இரவு நிகழ்ச்சியில், லண்டன் மேயர் தேர்தலில் போரிஸ் ஜான்சனுக்கு ஓட்டுப் போடுங்கள் என்று வேல் நேயர்களிடம் சொன்னார். மே மாதம் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒலிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம் அபராதம் போட்டது டிசம்பரில். வேலை முதலில் போனது, அபராதம் பிறகு வந்தது. பின்னால் வந்தது முன்னால் நடந்ததற்குக் காரணமாகுமா?

நான் பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்தவன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், சிகரெட் அடுக்குக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரேடியோ. அந்த மனிதரின் குரலோடுதான் பல வருடம் விடிந்தது. கூகுளில் தேடிப் பார்த்து அஞ்சலி எழுதுகிறவன் நான் இல்லை.

தீப்பொறி:
அண்ணே, வணக்கம். கட்டினார் என்றால் பையில் இருந்து நோட்டை எடுத்து எண்ணி வைத்தார் என்றா நான் எழுதினேன்? விலை கொடுத்தார் என்று பொருள். தமிழ் தெரிந்தவர்களுக்கு விளங்கும். 1995 முதல் அங்கே இருந்த மனிதரை ஒரே நாளில் தூக்கி எறிந்தார்கள். அதைப் பேசாமல் ரசீது யார் பெயரில் என்று பார்க்கிறீர்கள்.

மத்தியஅலை1053:
நீங்கள் எழுதியது "20,000 பவுண்ட் அபராதம் கட்டி". எண் போட்டு எழுதிவிட்டு இப்போது உருவகம் என்கிறீர்கள். 20,000 பவுண்ட் உருவகத்தை எந்த வங்கியில் மாற்றுவது?

ஆஃப்காம் அறிவிப்பாளருக்கு அபராதம் போட முடியாது. உரிமம் யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் போடும். நிலையம் கட்டியது.

சட்டம்பி:
இரண்டு பேருமே "முதல் ஷாக் ஜாக்" என்பதை விட்டுவிட்டீர்களே. பிரிட்டனில் நேயர்கள் போனில் பேசும் நேரலை 1968இல் பிபிசியின் நாட்டிங்ஹாம் நிலையத்திலேயே தொடங்கிவிட்டது. 1973இல் எல்பிசி என்ற லண்டன் பேச்சு வானொலி வந்தது. வேல் 1974இல் நியூகாசில் மெட்ரோ ரேடியோவில் இரவு நிகழ்ச்சிக்கு வந்தார். அதே காலகட்டத்தில் மான்செஸ்டர் பிக்கடிலி ரேடியோவில் ஜேம்ஸ் ஸ்டானேஜ் என்பவர் பேசுகிறவர்களைக் கடித்துக் குதறிக்கொண்டிருந்தார். அமெரிக்காவிலோ ஜோ பைன் இதை 1950களிலேயே செய்தார். ஆகவே முதலில் ஷாக் ஜாக் என்றால் என்ன என்று ஒரு வரையறைக்கு வந்தால்

மத்தியஅலை1053:
ஐயா, வரையறை எல்லாம் அப்புறம். அபராதம் யார் கட்டியது என்பதுதான் இங்கே கேள்வி.

தூங்காநகரம்:
கேள்வி அது இல்லை. ஒரு பத்திரிகை தலையங்கத்தில் "இவருக்கே ஓட்டுப் போடுங்கள்" என்று லண்டனில் எழுதலாம். காலையில் அதைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கலாம். அதையே ராத்திரி ஒருவர் மைக்கில் சொன்னால் குற்றமா? இது எந்த ஊர் நியாயம்?

சட்டம்பி:
அந்த ஊர்ச் சட்டமே அப்படித்தான். 2003ஆம் ஆண்டுத் தகவல் தொடர்புச் சட்டத்தின்படி உரிமம் பெற்ற வானொலியும் தொலைக்காட்சியும் அரசியலில் நடுநிலை காக்க வேண்டும், தேர்தல் காலத்தில் இன்னும் கவனமாக. பத்திரிகைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அமெரிக்காவில் இதுபோன்ற ஒரு விதியை 1987இல் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஒரு பக்கமாகவே மூன்று மணி நேரம் பேசும் நிகழ்ச்சிகள் அங்கே பெருகின. வேல் அமெரிக்காவில் இருந்திருந்தால் வேலை போயிருக்காது.

தீப்பொறி:
அதைத்தானே நானும் சொல்கிறேன்! உண்மையைப் பேசியதற்குத் தண்டனை!

வேப்பமரம்:
போரிஸுக்கு ஓட்டுப் போடுங்கள் என்பது "உண்மை"யா? அது ஒரு சிபாரிசு. நான் சலவைத்தூள் சிபாரிசு செய்தால் அதுவும் உண்மையாகிவிடுமா?

மத்தியஅலை1053:
வேப்பமரம் சொல்வது சரி. ஆனால் தீப்பொறி இன்னும் பதில் சொல்லவில்லை. யார் கட்டியது?

பனங்காய்:
எனக்கு ஒரு சந்தேகம் அண்ணை. லண்டன் பெட்ரோல் நிலையத்தில் கேட்டேன் என்கிறீர்கள். பெயரில் 1053 என்ற அலைவரிசை எண்ணை வைத்திருக்கிறீர்கள். லண்டனுக்கு டாக்ஸ்போர்ட் 1089இல் அல்லவா வந்தது? 1053 டிராய்ட்விச் கோபுரத்திலிருந்து இங்கிலாந்தின் நடுப்பகுதியான மிட்லண்ட்ஸ் பக்கம் போனது. சும்மா கேட்டேன், கோபிக்க வேண்டாம்.

மத்தியஅலை1053:
நான் லண்டன் என்று எங்கே எழுதினேன்? மேலே போய்ப் படியுங்கள். அந்தப் பெட்ரோல் நிலையம் பர்மிங்ஹாமில் இருந்தது. லண்டனுக்கு வந்தது பிறகு. பனங்காய்க்கு என் மீது போன வருடம் கிரிக்கெட் வர்ணனை இழையில் ஏற்பட்ட புண் இன்னும் ஆறவில்லை என்று தெரிகிறது.

பனங்காய்:
புண் எனக்கில்லை. அந்த இழையிலும் கடைசி வரை நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை, அதைத்தான் நினைத்துக்கொண்டேன்.

தூங்காநகரம்:
பாரிஸில் இருக்கும் என் மாமா அதே நிகழ்ச்சியை இரவில் மத்திய அலையில் கேட்டதாகச் சொல்வார்.

மத்தியஅலை1053:
உங்கள் மாமா கதை விட்டிருக்கிறார். அது பிரிட்டனுக்கான உள்நாட்டு ஒலிபரப்பு. பாரிஸில் எப்படிக் கேட்கும்?

சட்டம்பி:
கேட்கும். பகலில் மத்திய அலையை வளிமண்டலத்தின் மேலடுக்கு ஒன்று விழுங்கிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைந்துவிடும். பிறகு அலை இன்னும் மேலே போய்த் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் தள்ளி விழும். இரவில் கொழும்பு வானொலி தமிழ்நாட்டில் தெளிவாகக் கேட்டதை நினைத்துப் பாருங்கள். பெயரிலேயே மத்திய அலை வைத்திருப்பவருக்கு நான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே!

மத்தியஅலை1053:
கேட்கலாம், கேட்காமலும் போகலாம். அதுவா இப்போது பேச்சு? மாமா எங்கே கேட்டாலும் அபராதம் கட்டியது நிலையம்தான்.

வேப்பமரம்:
அந்தக் கால இரவு நேரலை என்றால் எல்லோருக்கும் ஏன் இப்படிக் கண் கலங்குகிறது என்று எனக்குப் புரிவதில்லை. நானும் ஒருமுறை ஒரு நிகழ்ச்சிக்குப் போன் செய்தேன். யார், எந்த நிலையம் என்று சொல்லப் போவதில்லை, இவர் இல்லை. நாற்பது நிமிடம் காத்திருந்தேன். எடுத்த பெண் என் பெயர், ஊர், என்ன பேசப் போகிறேன் எல்லாம் கேட்டுவிட்டு, "உங்கள் வீட்டு ரேடியோவை அணைத்துவிடுங்கள்" என்றார். நான் அணைக்கவில்லை, சத்தத்தை மட்டும் குறைத்தேன். கெட்ட வார்த்தை வந்தால் வெட்டுவதற்காகச் சில வினாடி தாமதமாகத்தானே ஒலிபரப்புகிறார்கள்? நான் பேசத் தொடங்கியதும் சமையலறையிலிருந்து என் குரலே எனக்குப் பின்னால் நடந்து வருகிறது. நான் "வணக்கம்" சொன்னதை அங்கே கேட்டபோது நான் இங்கே அடுத்த வாக்கியத்தில் இருந்தேன். நாக்கு குழறிவிட்டது. அறிவிப்பாளர் "குடித்திருக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். மறுநாள் அலுவலகத்தில் இரண்டு பேர் அதைக் கேட்டிருந்தார்கள். உங்களுக்கு அது துணிச்சல். எனக்கு அது அவமானம், அவ்வளவுதான்.

தீப்பொறி:
ரேடியோவை அணைக்கச் சொன்னபோது அணைத்திருக்கலாமே?

வேப்பமரம்:
வந்துவிட்டார் நடுநிலைக் காவலர்.

தீப்பொறி:
கோபிக்காதீர்கள். அந்த ரசிகர்கள் அதற்காகத்தான் கேட்டார்கள் என்கிறேன். 1988இல் யார்க்‌ஷைர் தொலைக்காட்சி, லீட்ஸ் ரேடியோ ஏர் ஒலிப்பதிவுக் கூடத்துக்கே கேமராவைக் கொண்டுபோய், வேலின் வானொலி நிகழ்ச்சியை அப்படியே ராத்திரியில் காட்டியது. பெரிய அரங்கம் கிடையாது, மேசை விளக்கு கிடையாது. ஒரு ரேடியோ அறை, ஒரு மனிதர், டெலிபோன். ஊரே விழித்திருந்து பார்த்தது. ஒரு ராக் பாடகர் நல்ல போதையில் வந்து உட்கார்ந்து உளறியதும், அவரை வேல் வெளியே அனுப்பியதும் இன்றைக்கும் பேசப்படுகிறது. இப்படி யாருக்கு வாய்க்கும்?

2000த்தில் சிறுநீரகப் புற்றுநோய். ஒரு சிறுநீரகத்தை எடுத்தார்கள். மனிதர் மைக்குக்குத் திரும்பினார். 2006இல் அந்த நோய்க்கென்றே ஓர் அறக்கட்டளை தொடங்கினார். 2024இல் எம்பிஇ என்ற பிரிட்டிஷ் அரச விருது. 2025 ஆகஸ்டில், 74 வயதில் இறக்கும்வரை பேசிக்கொண்டேதான் இருந்தார். இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு வினைச்சொல்லைப் பிடித்துத் தொங்குகிறார்கள்.

மத்தியஅலை1053:
நோயை இழுத்து வந்து வாயை அடைக்கப் பார்க்காதீர்கள். அந்த அறக்கட்டளைக்கு நானே பணம் அனுப்பியிருக்கிறேன். அவரை எனக்குப் பிடிக்கும், அதனால்தான் பொய் சேர்க்காதீர்கள் என்கிறேன். யார் கட்டியது? "நிலையம்" என்று ஒரே ஒரு சொல் எழுதுங்கள், போதும்.

வேப்பமரம்:
அஞ்சலியில் 2018 ஏன் இல்லை? பாலியல் வன்கொடுமைக்கு ஆளான ஒரு பெண் பத்திரிகையாளரை டாக்ரேடியோவில் (2016இல் வந்த புது நிலையம்) பேட்டி எடுத்த விதத்துக்காக அவரை இடைநீக்கம் செய்தார்களே. அதற்கும் "உண்மையைப் பேசியவர்" பட்டமா?

தூங்காநகரம்:
இறந்தவரைப் பற்றிக் குறை பேச வேண்டாமே.

வேப்பமரம்:
ஏன்? அவர் உயிரோடு இருந்தவர்களைப் பற்றிப் பேசும்போது நீங்கள் ரசித்தீர்கள்.

சட்டம்பி:
டென்வரில் ஆலன் பெர்க் என்றொரு வானொலிக்காரர் இருந்தார். வெள்ளை இனவெறிக் கும்பல் 1984 ஜூனில் அவரை வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றது. பேச்சுக்கு விலை கொடுத்தார் என்று அவரைப் பற்றி எழுதினால் பொருந்தும். வேல் இங்கே வேலை போன பிறகு எல்பிசிக்குப் போனார், 2013இல் பிபிசி எசெக்ஸுக்குப் போனார், 2016இல் செலிப்ரிட்டி பிக் பிரதர் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் வீட்டுக்கும் போனார். பிறகு டாக்ரேடியோவுக்குப் போனார். இவ்வளவு ஒலிவாங்கிகள் கிடைத்த ஒருவரின் வாயை அடைத்துவிட்டார்கள் என்று

தீப்பொறி:
கொல்லப்பட்டால்தான் தியாகி என்கிறீர்கள். நல்ல அளவுகோல்.

சட்டம்பி:
நான் எழுதி முடிப்பதற்குள் ஏன் எல்லோரும் குறுக்கே வருகிறீர்கள்?

பனங்காய்:
நேரலை விவாதம் ஐயா. சட்டம்பியாரை 2ஆவது இணைப்பில் காத்திருக்கச் சொல்லுங்கள்.

மத்தியஅலை1053:
இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1995 பிப்ரவரியில் டாக் ரேடியோ தொடங்கியபோது, பிபிசி ரேடியோ 1 கைவிட்ட அலைவரிசைகளைத்தான் அவர்களுக்குக் கொடுத்தார்கள். 2000த்தில் அது டாக்ஸ்போர்ட் ஆனது. கால்பந்து, குத்துச்சண்டை என்று எல்லாம் மாறியபோதும் வேலின் இரவு நிகழ்ச்சியில் கை வைக்காமல் விட்டார்கள். விளையாட்டு நிலையத்தில் விளையாட்டைப் பற்றிக் கவலையே படாத ஒரு மனிதர்! அந்த இடத்தைத் தானே கெடுத்துக்கொண்டார். இத்தனை வருடம் மைக் பிடித்தவருக்குத் தேர்தல் விதி தெரியாதா? தெரிந்தே சொன்னார். அவர் சொன்னார், நிலையம் கட்டியது.

தீப்பொறி:
தெரிந்தே சொன்னார் என்றால் அதற்குப் பெயர்தான் துணிச்சல். நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். நன்றி.

மத்தியஅலை1053:
நான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை! அடுத்தவர் காசில் காட்டும் துணிச்சலுக்கு என்ன பெயர் என்று முதலில் சொல்லுங்கள்.

தூங்காநகரம்:
கடைசியில் போரிஸ் ஜெயித்தாரே, அதை யாராவது கவனித்தீர்களா?

வேப்பமரம்:
ஆமாம், வேல் சொல்லித்தான் ஜெயித்தார். தீப்பொறி அதையும் அஞ்சலியில் சேர்த்துவிடுவார், ஐடியா கொடுக்காதீர்கள்.

தீப்பொறி:
குறிப்பில் திருத்தம் செய்துவிட்டேன். இப்போது "20,000 பவுண்ட் அபராதத்துக்குக் காரணமாகி" என்று இருக்கிறது. திருப்தியா?

மத்தியஅலை1053:
பார்த்தேன். "அதனாலேயே வேலையையும் இழந்தவர்" அப்படியே இருக்கிறது. மே மாதம் எது, டிசம்பர் எது? நாட்காட்டி வேண்டுமா?

தீப்பொறி:
"அதனாலேயே" என்பது அபராதத்தைக் குறிக்கவில்லை, உண்மையைப் பேசியதைக் குறிக்கிறது. இலக்கணம் வேண்டுமா?

பனங்காய்:
எனக்கு இன்னும் அந்தப் பெட்ரோல் நிலையம் பர்மிங்ஹாமில் இருந்ததா என்பதில்தான் சந்தேகம். போன வருட இழையில் "நான் லண்டன் ஈஸ்ட்ஹாமில் பத்து வருடம் இரவு வேலை" என்று எழுதியிருக்கிறீர்கள் அண்ணை. தேடி எடுத்துப் போடட்டுமா?

மத்தியஅலை1053:
தாராளமாகப் போடுங்கள். பர்மிங்ஹாமில் ஆறு வருடம், அதற்குப் பிறகு ஈஸ்ட்ஹாமில் பத்து. கூட்டத் தெரிந்தால் கூட்டிக்கொள்ளுங்கள். தீப்பொறி, உங்கள் இலக்கணத்துக்கு நாளை இரவு வேலை முடிந்து வந்து வரிவரியாகப் பதில் எழுதுகிறேன்.