எடின்பரோ கோட்டை: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

மலைச்சாரல்:
கோட்டைக்கு அடியிலுள்ள சுரங்கம் எங்கே போகிறது என்று மேலிருந்து சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க, பேக்பைப் (பை வைத்த ஊதுகருவி) வாசித்துக்கொண்டே போகச் சொல்லி ஒரு பையனை உள்ளே அனுப்பினார்களாம். அந்த பைப்பர் பையன் கதை இங்கே எல்லோருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். படிக்கப் போன முதல் வருடம், மே மாதம். ஓட்டல் வேலை முடிந்து இரவு 11.30க்கு, கோட்டையிலிருந்து கீழே போகும் ராயல் மைல் தெருவில் இறங்கிக்கொண்டிருந்தேன். கடல் மூடுபனியில் பின்னால் கோட்டையே தெரியவில்லை. ட்ரான் தேவாலயத்துப் பக்கம் ஷூ லேஸ் கட்டக் குனிந்தேன். கீழேயிருந்து பேக்பைப் சத்தம். உள்ளங்கையைத் தரையில் வைத்தேன். ஈரக் கல், லேசான அதிர்வு. பாட்டின் நடுவிலேயே அறுந்த மாதிரி நின்றுவிட்டது. சுரங்கத்துக்குள் அனுப்பிய பையனின் வாசிப்பும் ட்ரான் பக்கம்தானே நின்றது?

தெற்குவாசல்:
தம்பி, நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தெருவில் காசுக்கு பேக்பைப் வாசிக்காத நாள் ஏது? இரண்டு பக்கமும் உயரமான கல் வீடுகள், நடுவில் குறுகலான சந்துகள். சத்தம் எங்கே பிறக்கிறது என்று காதுக்குப் பிடிபடாது. எனக்கும் ஒன்று நடந்தது. கோட்டையில் போர்க்கைதிகளை அடைத்த நிலவறையில், அவர்கள் கொடி செதுக்கிய பழைய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஸ்வெட்டர் கையை யாரோ இழுத்தார்கள். பின்னால் ஆள் இல்லை. 2001இல் ரிச்சர்ட் வைஸ்மன் என்ற உளவியலாளர் 200 பேருக்கும் மேல் அந்த ஊர் நிலவறைகளுக்குள் அனுப்பிப் பார்த்தார். துணியை இழுத்த மாதிரி, திடீரென்று குளிர்ந்த மாதிரி என்று பலர் சொன்னார்கள். வெளிச்சம், அறையின் அளவு போன்றவை மனதை அப்படிச் செய்யும் என்பது அவர் கருத்து. அதனால் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: வெறும் வயிற்றோடு போகாதீர்கள். கனமான ஸ்வெட்டர் அவசியம். ஏதாவது நடந்தால் மணியைப் பார்த்து உடனே எழுதிவிடுங்கள், கூட வந்தவரிடம் அப்புறம் சொல்லலாம். பேசப் பேசக் கதை வளரும். பிள்ளைகளை முன்னால் விட்டு நடங்கள். ஞாயிறு தவிரப் பகல் ஒரு மணிக்குப் பீரங்கி வெடிப்பார்கள், இதயக் கோளாறு உள்ளவர்கள் தள்ளி நில்லுங்கள்.

கருங்குயில்:
அண்ணா, எல்லாவற்றையும் மனம் என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். கோட்டையில் இருந்த டேவிட் கோபுரம் 1573 முற்றுகையில் இடிந்தது. மேலே பீரங்கி மேடை கட்டி மூடியதை 1912இல்தான் மீண்டும் கண்டெடுத்தார்கள். அதன் அடியில் நின்றிருந்தேன். கனமான மர பெஞ்சைக் கல் தரையில் இழுக்கும் சத்தம், இரண்டு தரம். அங்கே பெஞ்சே கிடையாது. 1440இல் டக்ளஸ் குடும்பத்து அண்ணன் தம்பியைக் கோட்டைக்கு விருந்துக்குக் கூப்பிட்டு, சாவுக்கு அடையாளமாகக் காளைத் தலையைக் கொண்டுவந்து வைத்து, இழுத்துப்போய் வெட்டிய கதையை அன்று ராத்திரி அறைக்கு வந்துதான் படித்தேன். அண்ணனுக்கே 16 வயதுதான். தெரியாத கதைக்கு என் மனம் எப்படிச் சத்தம் போடும்?

மலைச்சாரல்:
தெற்குவாசல் அண்ணா, அந்த நேரத்தில் தெருவில் ஒருவரும் வாசிக்கவில்லை. சந்து சந்தாகப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். கதைப்படி, சத்தம் நின்றதும் தேடினார்கள், கிடைக்கவில்லை, சுரங்கத்தை அடைத்துவிட்டார்கள். பையனின் பெயரைக்கூட யாரும் சொல்வதில்லை. லேஸைக் கட்டாமலே கால் மணி நேரம் அங்கே நின்றேன், விட்ட இடத்திலிருந்து மறுபடி வாசிப்பான் என்று.