பவர் ஃபார்வர்டு ஸ்மால் ஃபார்வர்டாக மாற முடியுமா?

கேள்வி: எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணிக்கு என்னைவிட உயரமான வீரர் ஒருவர் வந்துவிட்டதால், பவர் ஃபார்வர்டாக (பெரும்பாலும் கூடைக்கருகே ஆடுபவர்) ஆடும் என்னை ஸ்மால் ஃபார்வர்டாக (கூடையிலிருந்து விலகியும் அதிகம் ஆடுபவர்) மாறும்படி பயிற்சியாளர் கூறியுள்ளார். இது நடைமுறையில் சாத்தியமா?

பதில் 1: சாத்தியமே, ஆனால் எளிதன்று. 2016இல் அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்துத் தொடரில் ஆடும் ஒர்லாண்டோ மேஜிக் அணி, பவர் ஃபார்வர்டான செர்ஜ் இபாக்காவை வாங்கியபின், அதே இடத்தில் ஆடிவந்த ஏரன் கார்டனை ஸ்மால் ஃபார்வர்டாக ஆடவைத்தது. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து அவர் எறிந்தவை போதிய அளவு கூடையில் விழவில்லை. 2017 பிப்ரவரியில் இபாக்கா டொராண்டோ அணிக்குச் சென்றதும் கார்டன் பழைய இடத்துக்கே திரும்பினார்.

பதில் 2: எறிவதைவிடத் தடுப்பாட்டமே கடினம் என்பது என் கருத்து. கூடைக்கருகே உடலால் முட்டி நிறுத்திப் பழகியவர், ஸ்கிரீன்களைச் (தடுப்பவரின் வழியை மறித்து நிற்கும் எதிரணி வீரர்களை) சுற்றி ஓடும் வேகமான வீரரை விடாமல் தொடர வேண்டியிருக்கும்.

கேள்வி கேட்டவர்: மூன்று புள்ளி எறிதல் எனக்கு ஓரளவு வரும்.

பதில் 1: அப்படியானால் மூலைகளிலிருந்து தொடங்குங்கள்; ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) ஆடுகளத்தில் கூடையிலிருந்து 6.75 மீட்டரில் உள்ள மூன்று புள்ளிக் கோடு அங்கே 6.60 மீட்டராகக் குறைகிறது.