கொழும்பில நாள் வாடகை அப்பார்ட்மென்ட், பார்க்கிங் ஃப்ரீ எண்டுறாங்கள், டொல்பின் வான் விடலாமோ?

மாங்குளத்தான்:
வணக்கம். அம்மாக்கு வாற மாசம் மஹரகம கான்சர் ஆஸ்பத்திரியில கிளினிக், முதல் நாளே போய் நிண்டு காட்டி ரிப்போட்டுகளும் எடுத்துக்கொண்டு வாறதெண்டா மூண்டு நாலு நாள் இழுக்கும். நாங்கள் 6 பேர், சித்தப்பான்ர டொல்பின் வானிலதான் (பெரிய டொயோட்டா ஹைஏஸ்) போறம், அம்மாக்கு பஸ்ஸில இருந்து வர ஏலாது. ஹோட்டல் எண்டா ரெண்டு றூம், சாப்பாடும் கடையில, கட்டாது. அதால வெள்ளவத்தைப் பக்கம் குசினியோட ஒரு அப்பார்ட்மென்ட் பாப்பம் எண்டு ஃபேஸ்புக்கில தேடினா எல்லாத்திலயும் பார்க்கிங் ஃப்ரீ எண்டு கிடக்கு. வான் விடலாமோ எண்டு கேட்டா ஓம் ஓம் எண்டுறாங்கள், அதுக்கு மேல கதை இல்ல. வான் கொண்டுபோய் நிண்ட ஆக்கள் இருந்தா சொல்லுங்கோ.

கிளியன் கொழும்பு06:
தம்பி நான் வெள்ளவத்தையிலதான் இருக்கிறன். ஃப்ரீ எண்டுறது பொய் இல்ல, ஆனா அந்த வீட்டுக்கெண்டு ஒரே ஒரு இடம்தான், அதுவும் காருக்கு அளந்து விட்டது. கனக்க இடத்தில ஒண்டுக்குப் பின்னால ஒண்டா விடோணும், பின்னால நிக்கிறவன் எழும்பி வந்து எடுத்தாத்தான் நீங்கள் வெளிய போகலாம். கிளினிக்குக்கு விடியக்காலமை வெளிக்கிடுற ஆக்களுக்கு இது சரிவராது, முதல் நாள் இரவே செக்கியூரிட்டியிட்ட சொல்லி வானை முன்னுக்கு எடுத்து வையுங்கோ. சில புது கட்டடத்தில காரை மேல தூக்கி அடுக்குற மெஷின் இருக்கு, அதில வான் ஏத்தவே விடமாட்டாங்கள். றோட்டில விடுவம் எண்டு நினைக்காதேங்கோ, காலி வீதியில பகலில நிப்பாட்டினா டிக்கெட் எழுத ஆள் வந்து நிக்கும்.

வவுனியா வான்காரன்:
கிளியன் அண்ணை சொன்னதோட நான் இன்னும் ஒண்டு சொல்லுறன், உயரம். டொல்பின் ஹைரூஃப் 7 அடிக்கு மேல வரும், சித்தப்பா மேல கரியர் பூட்டியிருந்தா இன்னும் கூட. நிலத்துக்குக் கீழ போற பார்க்கிங்கில வாசலில பீம் ஒண்டு பதிவா இருக்கும், அதோட தண்ணிப் பைப்பும் ஏசி பைப்பும் தொங்கும், உள்ள இறங்கினாப் பிறகு பின்னுக்கு எடுக்கிறது எண்டா அப்பாடா. ஆனபடியா வான் விடலாமோ எண்டு கேக்காதேங்கோ, எல்லாரும் ஓம் எண்டுதான் சொல்லுவினம், டேப் பிடிச்சு வானை நிலத்தில இருந்து கரியர் வரைக்கும் அளந்துபோட்டு இத்தனை அடி உள்ள வருமோ எண்டு கேளுங்கோ, வாசலை ஃபோட்டோ எடுத்து வொட்சப்பில போடச் சொல்லுங்கோ. போடமாட்டன் எண்டா அந்த இடத்தை விடுங்கோ. ஹயர் போனா டிரைவருக்குப் படுக்க இடம் இருக்கோ எண்டும் கேக்கோணும், 300 கிலோமீற்றர் அளவு ஓடிக்கொண்டு வந்தவனை வானுக்குள்ளயே கிட எண்டு விட்டிட்டுப் போற ஆக்களும் இருக்கினம், அது வேற கதை. ஆடி ஆவணியில வெளிநாட்டுச் சனம் வந்து இறங்கும், கொழும்பு ஆடிவேல் திருவிழாவும் அந்த நேரம்தான், வாடகை ஏறிடும். நீங்கள் போறது அந்த மாசம் எண்டா இப்பவே பிடியுங்கோ.

ஒட்டுசுட்டான் அக்கா:
ஏன் தம்பி எல்லாரும் வெள்ளவத்தை வெள்ளவத்தை எண்டு நிக்கிறியள்? மஹரகம ஹைலெவல் றோட்டில கிடக்கு, வெள்ளவத்தையில இருந்து காலமை வெளிக்கிட்டா நுகேகொடை ட்ராஃபிக்கிலயே அம்மா களைச்சுப் போவா. ஆஸ்பத்திரியைச் சுத்தி உள் ஒழுங்கைகளில நோயாளியோட வாற ஆக்களுக்கு வீடு, றூம் குடுக்கிறவை, முத்தம் இருக்கிற வீடு எண்டா வானை அப்பிடியே உள்ள விடலாம். தமிழ்க் கடை, கோயில் பக்கத்தில இல்ல, சிங்களம் கொஞ்சம் தெரிஞ்ச ஒராள் கூட இருக்கோணும், அவ்வளவுதான். கொழும்புக்கு ஏதும் அலுவல் எண்டா 138 பஸ் இருக்கு, வானை அசைக்கத் தேவையில்ல. எல்லாற்ற அடையாள அட்டையும் கொண்டுபோங்கோ, எங்க நிண்டாலும் கொப்பி கேப்பினம். 2007ல கொழும்பு லொட்ஜில நிண்ட எங்கட சனத்தைப் பொலிஸ் விடியப்புறம் பஸ்ஸில ஏத்தி வவுனியாவுக்கு அனுப்பின கதை தெரியும்தானே, இப்ப அப்பிடி இல்ல, எண்டாலும் எனக்கு ஐசி இல்லாமல் கொழும்புக்குப் போக இப்பவும் மனம் வராது.

மாங்குளத்தான்:
எல்லாருக்கும் நன்றி. சித்தப்பா அளந்தவர், கரியரோட 8 அடிக்குக் கொஞ்சம் குறைவு. வெள்ளவத்தையில பேசி வச்சிருந்த இடத்துக்கு எடுத்துக் கேட்டன், ஆறரை அடியாம், வான் எண்டா சின்ன வான் எண்டு நினைச்சவையாம்! நல்ல காலம் அட்வான்ஸ் போடேல்ல. அக்கா சொன்ன மாதிரி மஹரகமயிலயே பாக்கிறன். அங்க குசினி பாவிக்க விடுவினமோ அக்கா? அம்மாக்குக் கடைச் சாப்பாடு ஒத்துவராது.

ஒட்டுசுட்டான் அக்கா:
காஸ் காசு தனிய கேப்பினம், கதைச்சு எடுங்கோ. அரிசியும் தூளும் இங்க இருந்தே கொண்டுபோங்கோ.

முறிகண்டிப் பெடியன்:
அண்ணை கிளினிக் எந்தக் கிழமை? எங்கட மாமிக்கும் மஹரகமதான். வானில ரெண்டு சீட் இருக்குமெண்டா எரிபொருள் காசில பங்கு போடுறம், உள்பெட்டியில எழுதுங்கோ.