பசை போட்டுச் செய்ததெல்லாம் ரசத்தில் விழுகிறது. அடுப்படிக்குச் செலவில்லாமல் என்ன செய்யலாம்?

குழித்துறைக்கு வந்த மதுரைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். கணவருக்கு மாற்றலாகி மூன்று மாதமாகக் கன்னியாகுமரி மாவட்டத்துக் குழித்துறையில் இருக்கிறோம். வாடகை வீடு. அடுப்படி ரயில் பெட்டி மாதிரி நீளம், கடைசியில் ஒரே ஒரு ஜன்னல். வீட்டுக்காரம்மா தங்கமான மனுஷி, ஆனால் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்.

சும்மா இருக்காமல் ஒரு வீடியோவைப் பார்த்து, ஐஸ் குச்சிகளைப் பசைத் துப்பாக்கியால் ஒட்டிக் கரண்டி ஸ்டாண்ட் செய்தேன். மஞ்சள் பெயின்ட், நடுவில் ஒரு சூரியகாந்திப் பூ. அடுப்புக்கு மேலே டைல்ஸில் அதே பசையால் ஒட்டினேன். நான்காம் நாள் ரசம் நுரை கட்டுகிற நேரத்தில், நான்கு கரண்டிகளோடு மொத்தமும் சட்டிக்குள். என் கணவர் இன்றைக்கும் "சூரியகாந்தி ரசம் எப்போ?" என்று கேட்கிறார்.

துப்பாக்கி, குச்சி, பெயின்ட் எல்லாம் சேர்த்து 450 ரூபாய் போயிற்று. இனிமேல் 200 ரூபாய்க்கு மேல் கிடையாது. அலமாரியில் அடுக்கி அழகு பார்க்கிற சாமான் வேண்டாம், தினமும் கை படுகிற பொருளாக இருக்க வேண்டும். இந்த ஊர்ச் சமையலில் ஒரு நாளைக்கு ஒரு தேங்காயாவது உடைகிறது. பின்வாசலில் ஒரு சாக்கு நிறையக் கொட்டாங்குச்சி கிடக்கிறது. அதை வைத்து ஏதாவது செய்யலாமா?

விளவங்கோட்டு அடுக்களை:

மக்களே, முதலில் கொஞ்சம் சிரித்துக்கொள்கிறேன். அந்தத் துப்பாக்கிப் பசை, சூட்டில் உருகி ஆறினால் பிடிக்கிற பிளாஸ்டிக். மறுபடி சூடு பட்டால் மறுபடி இளகும். அடுப்புக்கு மேலே அதை ஒட்டுவதும் வெண்ணெய் வைத்து ஒட்டுவதும் ஒன்றுதான். தீயும் தண்ணீரும் சோறும் தொடுகிற எதையும் கட்டிச் செய்ய வேண்டும், அல்லது செருகிச் செய்ய வேண்டும். ஒட்டிச் செய்யக் கூடாது. என் அம்மாவின் அடுக்களையில் பசை என்ற சாமானே கிடையாது.

நீ கொட்டாங்குச்சி என்கிறாய், நாங்கள் சிரட்டை என்போம். சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்கிறோமே, அந்த அகப்பையே சிரட்டையில் காம்பு செருகியதுதான். அதையே செய்.

நன்றாக முற்றிய தேங்காயாகப் பார்த்து எடு. இளசின் சிரட்டை மெலிசு, அரம் பட்டதுமே விரியும். கண் இல்லாத பாதிதான் வேண்டும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு வை, மேலே இருக்கும் நார் இளகிவிடும். பிறகு உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டு, கையில் துணி சுற்றிக்கொண்டு. கத்தியைவிடக் கண்ணாடி நன்றாக வழிக்கும். என் மாமியார் இதற்காகவே ஒரு விளக்குச் சிம்னியின் சில்லை டப்பாவில் போட்டு வைத்திருந்தார், யாரையும் தொட விடமாட்டார். அப்புறம் உப்புத்தாள், முதலில் 80 நம்பர், பிறகு 120, கடைசியில் 220. மூன்றும் சேர்ந்து 50 ரூபாய்க்குள் முடியும். திண்ணையில் உட்கார்ந்து தேய், மூக்கில் துண்டு கட்டிக்கொள். அந்தத் தூள் ஆகாது, இரண்டு நாள் இருமல் வரும்.

இனி துளை. சுத்தியலும் ஆணியும் எடுத்தால் சிரட்டை பிளந்துவிடும். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்டு, உருண்டை அரத்தால் பெரிதாக்கு. யார் வீட்டிலாவது டிரில் இருந்தால் இன்னும் நல்லது. விளிம்புக்கு ஒரு விரல் கீழே ஒரு துளை, சுண்டு விரல் நுழைகிற அளவு. அதற்கு நேர் எதிரே இன்னொன்று, அதில் பாதி அளவு. காம்புக்கு மூங்கிலோ கமுகுச் சிராயோ எடுத்து நுனி கூம்பும்படி சீவு. பெரிய துளை வழியாக விட்டு, நுனி எதிர்த் துளையில் இறுகும் வரை தள்ளு. குழம்பில் நனைந்ததும் மரம் உப்பி இன்னும் இறுக்கிக்கொள்ளும். ஆணியும் இல்லை, கம்பியும் இல்லை.

வார்னிஷ் அடிக்காதே, வாயில் போகிற பொருள். தேங்காயெண்ணெய் தடவி ஓர் இரவு விட்டால் போதும். முதல் தடவை கொதிக்கிற தண்ணீரில் போட்டால் தண்ணீர் கட்டன் சாயா நிறத்துக்கு மாறும். பயப்படாதே, கொட்டிவிட்டு இன்னொரு முறை போடு.

அடுப்பிலிருந்து இறக்குகிற சட்டிக்குக் கீழே வைக்கப் பிரிமணையும் வேண்டும். தென்னங்கயிற்றை வட்டமாகச் சுற்றிச் சுற்றி, கோணி ஊசியால் தைத்தால் ஆயிற்று. தைக்கிற நூல் பருத்தியாக இருக்கட்டும். நைலான் என்றால் உன் சூரியகாந்தியின் கதைதான்.

செங்கோட்டை டிரைவர்:

அக்கா சொன்னது சரி. ஆனால் கண் இருக்கிற பாதியை ஏன் விட்டுவிட்டீர்கள்? மூன்று கண்ணில் ஒன்று மட்டும் மென்மையாக இருக்கும், முளை வருகிற கண். ஆணி முனையால் குத்தினாலே திறந்துவிடும். அதில் புட்டு அவிக்கலாம்.

ஆரியங்காவு தாண்டிப் புனலூர்ப் பக்கம் லோடு போகும்போது ஒரு சாயாக்கடையில் பார்த்தேன். குக்கரில் பாதித் தண்ணீர் விட்டு மூடி, வெயிட் போடாமல் கொதிக்க விடுகிறார்கள். ஆவி நேராக வர ஆரம்பித்ததும் சிரட்டையின் கண்ணை அந்தக் குழாயில் பொருத்தி உட்கார வைக்கிறார்கள். அடியில் முதலில் தேங்காய்த் துருவல், அதன் மேல் நனைத்த மாவு, மறுபடி துருவல். மாவை அமுக்கக் கூடாது, அமுக்கினால் ஆவி மேலே வராது. மேல் வழியாக ஆவி வந்ததும் மூன்று நான்கு நிமிடம் விட்டு, தீயை அணைத்துத் தட்டில் கவிழ்த்தால் சின்னக் கோயில் கலசம் மாதிரி நிற்கும். ஒவ்வொரு முறையும் குக்கர் குழாயில் மாவு அடைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அதில் மட்டும் விளையாட்டு வேண்டாம்.

பாறசாலைத் தமிழன்:

ஆணி அடிக்கக் கூடாது என்றால் உறி கட்டுங்கள். ஜன்னல் கம்பி இருக்கிறதே. எங்கள் வீட்டில் இன்றும் வெங்காயம் உறியில்தான். 1956 நவம்பர் 1 வரை குழித்துறையும், இன்று கேரளத்தில் இருக்கிற எங்கள் பாறசாலையும் ஒரே மாநிலம், அதனால் உரிமையோடு சொல்கிறேன்.

ஆள் உயரத்தில் நான்கு கயிறு. நுனிகளைச் சேர்த்து ஒரே முடிச்சு. அதற்கு ஒரு சாண் மேலே ஒன்றையும் இரண்டையும் சேர்த்து ஒரு முடிச்சு, மூன்றையும் நான்கையும் சேர்த்து ஒரு முடிச்சு. இன்னும் நாலு விரல் மேலே ஜோடியை மாற்றுங்கள்: இரண்டும் மூன்றும், நான்கும் ஒன்றும். கிண்ணம் மாதிரி வலை வந்துவிடும். உள்ளே ஓலைப்பெட்டியை வைத்து மேலே கட்டித் தொங்க விடுங்கள். வெங்காயத்துக்கு நாலு பக்கமும் காற்று கிடைக்கும், இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையிலும் அவ்வளவு சீக்கிரம் அழுகாது. உருளைக்கிழங்குக்குத் தனி உறி. இரண்டையும் சேர்த்துப் போட்டு ஒரு கிலோவைத் தூக்கி எறிந்தவன் நான்.

குழித்துறைக்கு வந்த மதுரைக்காரி:

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன். மொத்தச் செலவு 130 ரூபாய்: உப்புத்தாள் 45, கயிறு 60, கோணி ஊசியும் நூலும் 25. அரம் எதிர்வீட்டு ஆசாரி அண்ணனிடம் இரவல்.

உறி ஜன்னலில் தொங்குகிறது. நான் போட்ட முடிச்சு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, வெங்காயம் கண்டுகொள்ளவில்லை. பிரிமணை மூன்று செய்தேன். முதலாவது நடுவில் குவிந்து தொப்பி மாதிரி வந்தது, கயிற்றை ரொம்ப இழுத்துத் தைத்திருக்கிறேன்.

அகப்பைதான் அழ வைத்தது. இரண்டு மணி நேரம் தேய்த்துக் கண்ணாடி போல மினுக்கி, கழுவி மொட்டை மாடி வெயிலில் வைத்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் விளிம்பிலிருந்து அடிவரை ஒரு கோடு. அக்கா, எங்கே தப்பு?

விளவங்கோட்டு அடுக்களை:

வெயில்தான் தப்பு. நனைந்த சிரட்டை உச்சி வெயிலில் சட்டென்று சுருங்கும், அப்போதுதான் விரியும். நிழலில் காற்றுப் படுகிற இடத்தில் கவிழ்த்து வை. சமைத்த பிறகும் தண்ணீர்த் தொட்டியில் ஊற விடாதே, உடனே கழுவித் துடைத்துவிடு. விரிந்ததைத் தூர எறியாதே, உப்பு ஜாடிக்குள் போட்டு வை, அள்ள உதவும்.

அது முடிகிற வரை பிலாவிலை இருக்கிறது. உங்கள் தெருவில் பலாமரம் இல்லாத வீடு இருக்காது. பழுத்து விழுந்தது வேண்டாம், பச்சை இலை. இரு ஓரங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடக்கிக் கூம்பாக்கி, ஒரு துண்டு ஈர்க்கிலைக் குத்தினால் கஞ்சிக் கரண்டி. குடித்து முடித்ததும் ஆட்டுக்குப் போடு. காசும் இல்லை, கழுவுகிற வேலையும் இல்லை. சிறுபயறும் காணத் (கொள்ளு) துவையலும் வைத்துக் கஞ்சி குடித்துப் பார்த்துவிட்டுச் சொல்.

குழித்துறைக்கு வந்த மதுரைக்காரி:

இரண்டாவது அகப்பை நிழலில் காய்ந்து, இன்று காலை குழம்புக்குள் இறங்கியது. காம்பு நிஜமாகவே இறுகிவிட்டது, இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. வீட்டுக்காரம்மா உறியைப் பார்த்துவிட்டு, "ஆணி அடிக்கல்லியே?" என்று கேட்டபடி ஜன்னல் கம்பியைத் தடவிப் பார்த்தார். பிறகு அகப்பையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, காம்பு இன்னும் ஒரு சாண் நீளம் வேண்டும், கை சுடும் என்றார். அதுவும் சரிதான், சுட்டது.

டிரைவர் அண்ணா, புட்டுக்கு மட்டும் இன்னும் தைரியம் வரவில்லை. குக்கர் விசில் அடித்தாலே கூடத்துக்கு ஓடுகிற ஆள் நான். ஞாயிற்றுக்கிழமை கணவரை முன்னால் நிறுத்திவிட்டு முயற்சி செய்யலாம் என்று இருக்கிறேன்.