1968 ஆல்-ஸ்டார் ஆட்டம் ஒரே ரன்னில் முடிந்தது ஏன்?

ஸ்கோர்தாள் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்க பேஸ்பாலின் இரு லீக்குகளான நேஷனல் லீக், அமெரிக்கன் லீக் ஆகியவற்றின் சிறந்த வீரர்கள் மோதும் பழைய ஆல்-ஸ்டார் ஆட்டங்களின் ஸ்கோர் அட்டைகளை ஆண்டுவாரியாகப் படித்துவரும் நான், 1968 ஜூலை 9 அன்று ஹூஸ்டன் நகரின் ஆஸ்ட்ரோடோமில் நடந்த ஆட்டத்தைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டேன். நேஷனல் லீக் 1-0 என்று வென்ற ஆட்டம் அது. அந்த ஒரு ரன்னும் மட்டையின் வலிமையால் வந்ததாகத் தெரியவில்லை. முதல் இன்னிங்ஸில் வில்லி மேஸ் சிங்கிள் அடித்து முதல் பேஸை அடைகிறார். அவரை அங்கேயே மடக்க நினைத்து அமெரிக்கன் லீக் பந்துவீச்சாளர் லூயிஸ் டியான்ட் எறிந்த பந்து கைதவறிப்போக, இரண்டாம் பேஸுக்கு ஓடுகிறார். அடுத்து வந்த கர்ட் ஃப்ளட்டுக்கு வீசிய நான்காவது பால் (அடிக்கத்தக்க எல்லைக்கு வெளியே வீசிய பந்து; நான்கு ஆனால் மட்டையாளருக்கு முதல் பேஸ்) கேட்சரைக் கடந்து செல்ல, மூன்றாம் பேஸ். பிறகு வில்லி மெக்கோவி தரையோடு அடித்த பந்தில் எதிரணி இருவரை அவுட்டாக்கிக்கொண்டிருக்கும்போது மேஸ் ஹோம் பிளேட்டைத் தொட்டுவிடுகிறார்.

அதன் பின்னர் இரு தரப்பிலும் ஒருவரும் ரன் எடுக்கவில்லை. ஹாங்க் ஏரன், மெக்கோவி, யாஸ்ட்ரெம்ஸ்கி, ராட் கரூ, ஹார்மன் கில்லப்ரூ, ஃபிராங்க் ஹவர்ட் எனப் பட்டியலைப் பார்த்தால் பந்துவீச்சாளர்கள்தாம் அஞ்சியிருக்க வேண்டும். ஆனால் அமெரிக்கன் லீக்குக்கு மொத்தம் மூன்று ஹிட்டுகள் (மட்டையால் அடித்துப் பேஸை எட்டியவை), நேஷனல் லீக்குக்கு ஐந்து. இதைப் பந்துவீச்சின் மேன்மை என்று கொள்வதா, அந்தக் காலத்தின் விளைவு என்று கொள்வதா, அல்லது ஆல்-ஸ்டார் ஆட்டத்தின் அமைப்பே இப்படித்தானா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மவுண்ட் மேடு எழுதியது:

மூன்றும் கலந்திருக்கின்றன. ஆனால் முதலில் அந்த ஆண்டைப் பற்றிப் பேசியாக வேண்டும், ஏனெனில் 1968-ஐ இன்றுவரை பந்துவீச்சாளரின் ஆண்டு என்றே அழைக்கிறார்கள். பாப் கிப்சன் ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன் சராசரி 1.12. டென்னி மெக்லெயின் 31 வெற்றிகள் பெற்றார். அமெரிக்கன் லீக்கில் .300-ஐத் (பத்து முயற்சிக்கு மூன்று ஹிட்) தாண்டிய மட்டைச் சராசரியுடன் பருவத்தை முடித்தவர் யாஸ்ட்ரெம்ஸ்கி ஒருவர் மட்டுமே, அவரும் .301-இல் நின்றார். 1963 முதல் ஸ்ட்ரைக் எல்லை (வீச்சு அடிக்கத்தக்கது என்று நடுவர் கணிக்கும் பரப்பு) தோளின் உச்சியிலிருந்து முழங்காலின் அடிவரை விரிந்திருந்தது; பந்துவீச்சாளர் நிற்கும் மேட்டின் உயரம் 15 அங்குலம். அத்தனை உயரத்திலிருந்து இறங்கிவரும் பந்து மட்டையின் பாதையைச் சாய்வாக வெட்டிக்கொண்டு செல்லுமாதலால், அதன் நடுவில் மட்டையைப் பொருத்துவது கடினம். பருவம் முடிந்ததும் நிர்வாகமே விழித்துக்கொண்டு, 1969 முதல் மேட்டை 10 அங்குலமாகக் குறைத்து, ஸ்ட்ரைக் எல்லையையும் சுருக்கியது.

ஆயினும் அந்த ஆண்டைக் கொண்டு மட்டும் அந்த ஆட்டத்தை விளக்கிவிட முடியாது. கிப்சன் அன்று பந்தே வீசவில்லை என்பதைக் கவனியுங்கள். நேஷனல் லீக்கின் சார்பில் டான் டிரைஸ்டேல் மூன்று இன்னிங்ஸ், யுவான் மரிச்சால் இரண்டு, ஸ்டீவ் கார்ல்டன் ஒன்று, டாம் சீவர் இரண்டு வீசினார்கள். ஒன்பதாவதை ரான் ரீடும் ஜெர்ரி கூஸ்மனும் பகிர்ந்துகொண்டார்கள். வழக்கமான ஆட்டத்தில் ஒரு மட்டையாளர் அதே பந்துவீச்சாளரை மூன்று, நான்கு முறை எதிர்கொள்வார். முதல் முறை ஏமாந்தாலும் மூன்றாம் முறை வருவதற்குள் பந்து கையைவிட்டு வெளிவரும் விதம் கண்ணுக்குப் பழகிவிடும். இங்கே பழகுவதற்குள் ஆள் மாறிவிடுகிறார், வருபவரும் களைப்பறியாத கையுடன் முழு வேகத்தில் வீசுகிறார். இரு லீக்குகளும் பருவத்தின் ஆட்டங்களில் ஒன்றையொன்று சந்திக்கத் தொடங்கியது 1997-இல்தான் என்பதையும் சேர்த்துக்கொண்டால், அன்றைய அமெரிக்கன் லீக் மட்டையாளர்களுக்கு அந்த வரிசை எத்தனை அந்நியமாக இருந்திருக்கும் என்பது விளங்கும். அவர்களுடைய மூன்று ஹிட்டுகளும் டபிள்களே, அதாவது அடித்தவர் இரண்டாம் பேஸை எட்டிய அடிகளே. இரண்டாம் பேஸில் ஆள் நின்றும் அவரை வீட்டுக்குக் கொண்டுவர ஒருவராலும் இயலவில்லை.

என்னை அந்த ஆட்டத்தில் மிகவும் ஈர்ப்பது சீவரின் இரண்டு இன்னிங்ஸ். அப்போது அவருக்கு வயது 23. ஆறில் ஐந்து அவுட்டுகளை ஸ்ட்ரைக் அவுட்டாகவே (மூன்று ஸ்ட்ரைக்குகளால் மட்டையாளரை வீழ்த்துவது) எடுத்தார். அவற்றில் ஒன்று மிக்கி மேன்டிலுடையது. மேன்டில் ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் மட்டை பிடித்தது அதுவே கடைசி. டியான்டைப் பற்றியும் ஒரு சொல்: தோல்வி அவர் பெயரில் எழுதப்பட்டது, ஆனால் மேஸ் எடுத்தது பந்துவீச்சாளரின் சராசரியில் சேராத ரன். அவருக்குப் பின் வந்த அமெரிக்கன் லீக் பந்துவீச்சாளர்களிடமும் ஒரு ரன்கூட எடுக்க முடியவில்லை. இந்த ஆட்டத்தைச் சலிப்பானது என்பவர்களை என்னால் ஏற்க முடிவதில்லை.

இடக்கை எழுதியது:

மேலே சொன்னவற்றுடன் உடன்படுகிறேன். எனினும் பந்துவீச்சின் மேன்மை என்றால் 1934-க்குப் போகாமல் இருக்க முடியாது. நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸில் ஜூலை 10 அன்று நேஷனல் லீக்கின் கார்ல் ஹப்பல் முதல் இருவரையும் பேஸ் ஏற விட்டுவிட்டார்: சார்லி கெரிங்கர் சிங்கிள், ஹைனி மனுஷ் வாக் (நான்கு பால்களால் கிடைக்கும் முதல் பேஸ்). அந்த இக்கட்டிலிருந்து பேப் ரூத், லூ கெரிக், ஜிம்மி ஃபாக்ஸ் ஆகிய மூவரையும், அடுத்த இன்னிங்ஸில் அல் சிமன்ஸ், ஜோ குரோனின் ஆகிய இருவரையும் தொடர்ந்து ஸ்ட்ரைக் அவுட்டாக்கினார். அவருடைய ஆயுதம் ஸ்குரூபால். வளைவுப்பந்து திரும்பும் திசைக்கு நேர்மாறாகத் திரும்பும் பந்து அது. ஐவரும் பின்னாளில் பேஸ்பாலின் புகழ்மன்றமான ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றவர்கள்.

ஆனால் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு நியாயம் தவறிப்போவதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஹப்பல் மூன்று இன்னிங்ஸ் முடித்து வெளியேறியபோது நேஷனல் லீக் முன்னிலையில் இருந்தது. இறுதியில் அமெரிக்கன் லீக் 9-7 என்று வென்றது. வெற்றியைப் பெற்றுத்தந்தவர் மெல் ஹார்டர். ஐந்து இன்னிங்ஸ் வீசி, ஒரே ஒரு ஹிட் மட்டும் கொடுத்து, ரன் ஏதும் விடாமல் முடித்தார். பதினாறு ரன்கள் குவிந்த ஆட்டத்தில் அது எத்தகைய வீச்சு என்று எண்ணிப் பாருங்கள். நான்கு ஆல்-ஸ்டார் ஆட்டங்களில் 13 இன்னிங்ஸ் வீசிய ஹார்டர், தன் கணக்கில் சேரும்படியான ஒரு ரன்னையும் விட்டுக்கொடுத்ததில்லை. அவர் பெயர் ஹால் ஆஃப் ஃபேமில் இல்லை. 1935-இல் லெஃப்டி கோமெஸ் ஆறு இன்னிங்ஸ் வீசிய பின்னர், ஒருவருக்கு மூன்று இன்னிங்ஸ் என்ற வரம்பு வந்துவிட்டதால், ஹார்டரைப் போல நெடுநேரம் ஆதிக்கம் செலுத்தும் வாய்ப்பும் அரிதாகிவிட்டது.

அந்தி ஆட்டம் எழுதியது:

1968-க்கு முந்தைய ஆண்டையும் படித்துப் பாருங்கள். அனாஹெய்மில் 15 இன்னிங்ஸ் நீண்டு நேஷனல் லீக் 2-1 என்று வென்ற அந்த ஆட்டத்தில் 30 ஸ்ட்ரைக் அவுட்டுகள் விழுந்தன. மூன்று ரன்களும் தனி ஹோம் ரன்கள் (பேஸில் வேறு ஆள் இல்லாதபோது அடித்தவை); அடித்த டிக் ஆலன், புரூக்ஸ் ராபின்சன், டோனி பெரஸ் மூவரும் மூன்றாம் பேஸ் ஆட்டக்காரர்கள். கிழக்குக் கடற்கரையின் தொலைக்காட்சி நேரத்துக்கு ஏற்ப அங்கே பிற்பகலில் தொடங்கியதால், பந்துவீச்சாளர் வெயிலிலும் மட்டையாளர் நிழலிலும் நிற்க நேர்ந்தது. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாத பந்தை யாரால் அடிக்க முடியும்?

ஜப்பானின் ஆல்-ஸ்டார் ஆட்டமொன்றில், 1971 ஜூலை 17 அன்று நிஷினோமியா மைதானத்தில் ஹன்ஷின் அணியின் எனாட்சு யுடாகா, மூன்று இன்னிங்ஸில் வந்த ஒன்பது பேரையும் வரிசையாக ஸ்ட்ரைக் அவுட்டாக்கினார். மூன்று இன்னிங்ஸ் வரம்புக்குள் அதற்கு மேல் செய்வதற்கு ஒன்றுமில்லை. அதே ஆட்டத்தில் அவரே ஒரு ஹோம் ரன்னும் அடித்தார்.

ஸ்கோர்தாள் எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. ஹார்டரின் பெயரை இன்றுதான் முதன்முறையாகக் கவனித்தேன். இன்னும் ஓர் ஐயம். 2013-இல் சிட்டி ஃபீல்டில் அமெரிக்கன் லீக் 3-0 என்று வென்றபோதும் நேஷனல் லீக்குக்கு மூன்று ஹிட்டுகள்தாம் கிடைத்தன. ஆனால் அதைப் பத்துப் பந்துவீச்சாளர்கள் சேர்ந்து செய்தார்கள். எட்டாவது இன்னிங்ஸை வீசிய மரியானோ ரிவேராவுக்கு ஆட்ட நாயகன் விருது கிடைத்தது. ஒவ்வொருவரும் ஓர் இன்னிங்ஸ் அளவில் வீசிச் செல்லும் இந்தக் காலத்தில், ஹப்பலுக்கு இணையாக ஒருவரைச் சொல்ல முடியுமா?

மவுண்ட் மேடு எழுதியது:

1999 ஜூலை 13, ஃபென்வே பார்க், அமெரிக்கன் லீக்கின் பெட்ரோ மார்டினெஸ். ரன் வெள்ளம் கரைபுரண்ட காலம் அது. முந்தைய ஆண்டில்தான் மார்க் மெக்வயர் 70 ஹோம் ரன்களும் சாமி சோசா 66 ஹோம் ரன்களும் அடித்திருந்தார்கள். ஆகவே 1968-இன் உயர்ந்த மேடும் அகன்ற எல்லையும் பெட்ரோவுக்குக் கிடைக்கவில்லை. இதனால்தான் நான் அவரை ஹப்பலுக்குப் பக்கத்தில் வைக்கிறேன். பேரி லார்கின், லாரி வாக்கர், சோசா, மெக்வயர் ஆகிய முதல் நால்வரையும் அடுத்தடுத்து ஸ்ட்ரைக் அவுட்டாக்கினார். ஐந்தாவதாக வந்த மேட் வில்லியம்ஸ் ஃபீல்டரின் தவறால் பேஸ் ஏறினார். அடுத்து வந்த ஜெஃப் பேக்வெல் ஸ்ட்ரைக் அவுட்டாக, அதே பந்தில் இரண்டாம் பேஸைத் திருட ஓடிய வில்லியம்ஸை இவான் ரோட்ரிகஸ் பந்தை எறிந்து பிடித்துவிட்டார். இரண்டு இன்னிங்ஸ், ஆறு மட்டையாளர்கள், ஐந்து ஸ்ட்ரைக் அவுட்டுகள், ஹிட் ஏதுமில்லை.