எஃப்.ஐ.ஆர். இல்லாமல் கார் க்ளெய்ம் வாங்க முடியுமா?

வண்டி மாருதி ஸ்விஃப்ட், 2022 மாடல், பம்பர் டு பம்பர் (தேய்மானம் கழிக்காத) பாலிசி. ஆறு வாரத்துக்கு முன் ராத்திரி கானாடுகாத்தான் பக்கம் மாடு குறுக்கே வர, ஸ்டியரிங்கை ஒடித்தேன், புளியமரத்தில் மோதிவிட்டது. (மாடு சாவகாசமாக நடந்து போனது.) யாருக்கும் அடியில்லை. ரேடியேட்டர், பானெட், இடப்பக்க ஹெட்லைட் போச்சு.

மறுநாளே இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொன்னேன். சர்வேயரும் காரைக்குடி ஒர்க்‌ஷாப்புக்கு வந்து படமெடுத்துப் போனார். இப்போது கம்பெனி எஃப்.ஐ.ஆர். கேட்கிறது. ஸ்டேஷனிலோ, காயம் இல்லையே என்று, புகார் வந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் தந்தார்கள். அதை அனுப்பியும் ஏற்கவில்லை. குறைதீர் பிரிவுக்கு இரண்டு மெயில் போட்டும் பதிலில்லை. முதல் மெயில் போய் 20 நாள்தான் ஆகிறது; சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) போக ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். ஒர்க்‌ஷாப்காரர் அதுவரை பொறுப்பாரா தெரியவில்லை, இடவாடகை கேட்க ஆரம்பித்துவிட்டார்.

சி.எஸ்.ஆர். மட்டும் வைத்து சொந்த வண்டிச் சேதத்துக்குப் பணம் வாங்கியவர்கள், கம்பெனியை எப்படி ஏற்க வைத்தீர்கள்?