அப்பா அம்மாவுக்குப் பசுமை ஹோட்டல்: தங்கியவர்கள் சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். டிசம்பரில் ஊரிலிருந்து அப்பா, அம்மா சிங்கப்பூருக்கு வருகிறார்கள். எங்கள் வீடு சிறிய மூவறை வீடு, இடம் போதாது. அதனால் அவர்களை மூன்று இரவு ஹோட்டலில் தங்கவைக்க எண்ணியிருக்கிறேன்.

அப்பா விவசாயி, தண்ணீரின் அருமை தெரிந்தவர். போனமுறை தங்கிய இடத்தில், துண்டை மறுபடி பயன்படுத்துங்கள் என்று அட்டை வைத்திருந்தார்கள். அப்பாவும் துண்டைக் கொடியில் ஒழுங்காக மாட்டிவைத்தார். ஆனாலும் தினமும் மாற்றினார்கள். தினமும் நான்கு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்கள் வேறு. குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம் என்ற ஊரில்! அப்பா மனம் நொந்துபோனார், எனக்கும் வெட்கமாக இருந்தது.

இம்முறை அப்பர் பிக்கரிங் ஸ்திரீட்டில் இருக்கும் பார்க்ராயல் ஹோட்டலைப் பார்த்துவைத்திருக்கிறேன். 2013இல் திறந்தது. 15,000 சதுர மீட்டர் பசுமை, அந்தச் செடிகளுக்கு மழைநீர், சூரிய மின்சாரம் என்று படித்தபோதே பிடித்துவிட்டது. தஞ்சோங் பகாரில் கொடி படர்ந்த சிவப்புக் கோபுரமான ஒயேசியா ஹோட்டலும் மனதில் இருக்கிறது.

செடிகள் வெளியே தெரிகின்றன, உள்ளே எப்படி? அறையில் குடிநீர்க் குழாய் உண்டா? கேட்டுக்கொண்டால் துண்டை மாற்றாமல் விடுகிறார்களா? அம்மாவுக்குக் காலையில் சைவ உணவு கிடைக்குமா? தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) பக்கத்தில், இதைவிடக் குறைந்த வாடகையில், இப்படி அக்கறையோடு நடத்தும் சிறிய ஹோட்டல் இருந்தாலும் சொல்லுங்கள். டாக்சி வேண்டாம், எம்ஆர்டி ரயில் நிலையம் நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும்; அம்மாவுக்கு முழங்கால் வலி.

இந்த வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். நேரில் தங்கியவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.